வாங்கி வந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாய் இறக்கின்றன: என்ன செய்யலாம்?

06.01.2025, மாலை 6.10 – வாசகி ஒருவரின் கேள்வி

வெள்ளிக்கிழமை சந்தையடியில் பத்துக் குஞ்சுகள் வாங்கி வந்தோம். முதல் நாள் பொரித்தவை என்று விற்றவர் சொன்னார். மட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே மின்குமிழ் ஒன்றைத் தொங்கவிட்டு, சிரட்டையில் தண்ணீரும் பக்கத்தில் குறுணலும் வைத்தோம். ஞாயிறு காலையில் மூன்று இறந்து கிடந்தன; இன்று இன்னொன்று. மிஞ்சிய ஆறில் இரண்டு தூங்கித் தூங்கி விழுகின்றன. மஞ்சள் கரைத்த தண்ணீர் கொடுத்தும் பயனில்லை. வீட்டில் மிஞ்சியிருக்கும் அன்ரிபயோட்டிக் குளிசையைப் பொடித்துக் கொடுக்கலாமா? ஏழு வயது மகள் பெட்டியடியை விட்டு எழும்புகிறாள் இல்லை. இது என்ன நோய் என்று சொல்லுங்கள் அக்கா.

06.01.2025, இரவு 8.40

குளிசை எதுவும் வேண்டாம், தங்கச்சி. ஏறத்தாழ நாற்பது கிராம் எடையுள்ள உயிருக்கு மனிதரின் மருந்தை வீட்டில் அளந்து கொடுக்க முடியாது. நோயின் பெயரை நாளை தேடலாம். இன்றிரவு பெட்டியருகே பத்து நிமிடம் பேசாமல் இருந்து, ஆறு குஞ்சுகளும் எங்கே படுக்கின்றன, எப்படிப் படுக்கின்றன என்று மட்டும் பாருங்கள். விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கிக்கொண்டு, உரத்த குரலில் விடாமல் கத்தினால் அவற்றுக்குக் குளிர்கிறது. விளக்கை விட்டு ஓரங்களுக்கு ஒதுங்கி, சொண்டைத் திறந்து, செட்டையை விரித்து மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது. பரவலாகப் படுத்து, இடையிடையே எழுந்து கொத்தி, மெல்லிய குரலில் தமக்குள் பேசிக்கொண்டிருந்தால் சூடு சரியாக இருக்கிறது. ஒரு குஞ்சைத் தூக்கி அதன் பாதங்களை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பாதம் குளிர்ந்திருந்தால் குஞ்சு முழுவதும் குளிர்ந்திருக்கிறது.

முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு மட்டத்தில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். அதன்பின் வாரத்துக்கு ஏறத்தாழ 3 பாகையாகக் குறைத்துக்கொண்டு வரலாம். இப்போது மார்கழிப் பனி. யாழ்ப்பாணத்தில் விடியற்காலையில் 22, 23 பாகைக்கு இறங்குகிறது. நாம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நன்றாக உறங்கும் அந்த நேரத்தில்தான் குஞ்சு விறைத்துப் போகிறது. தாய்க்கோழியின் உடற்சூடு 41 பாகை அளவில் இருப்பதால், அதன் அடியில் கிடக்கும் குஞ்சுக்கு இந்தக் கவலை இல்லை. இறகு முளைக்கும்வரை தன் சூட்டைத் தானே காக்கும் வலு குஞ்சுக்குக் கிடையாது.

உங்கள் மின்குமிழ் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. அதை உடனே சொல்லுங்கள்.

07.01.2025, காலை 5.50

ஒன்பது வாற்று எல்இடி குமிழ் என்று பதில் வந்திருக்கிறது. நான் பயந்ததும் அதுதான். அந்தக் குமிழ் வெளிச்சம் தரும். குஞ்சை வெதுவெதுப்பாக்கும் சூட்டைத் தராது. முன்பு நாம் எல்லோரும் பயன்படுத்திய 60 வாற்று இழைக் குமிழில், செலவாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி சூடாகவே வெளியேறியது. அதனால்தான் எங்கள் பெற்றோரின் காலத்துக் குஞ்சுப்பெட்டிகள் ஒற்றைக் குமிழோடு நன்றாக நடந்தன. வெளிச்சத்தைப் பார்த்துச் சூடு இருப்பதாக நம்பி, குளிரில் குஞ்சுகளை இழந்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று இருக்கின்றன.

இழைக் குமிழ் கிடைக்கும்வரை, சோடாப் போத்தலில் கொதிக்காத சுடுநீரை நிரப்பி, பழைய சாரத்துண்டால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் கிடத்துங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரவில் இருவர் முறை வைத்து எழும்புங்கள்.

07.01.2025, காலை 9.30

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டைப்பெட்டியின் மூலைகள் ஆபத்தானவை. குளிர்ந்த குஞ்சுகள் மூலைக்குள் நெருங்கும்போது அடியில் அகப்பட்டது மூச்சுமுட்டி இறந்துவிடும். காலையில் தட்டையாகக் கிடக்கும் குஞ்சைப் பார்த்து நாம் நோய் என்று எண்ணுவோம். இன்னொரு மட்டையை வளைத்து உள்ளே வட்டமாக நிறுத்துங்கள். சூட்டை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக வைத்தால், வேண்டிய குஞ்சு கிட்டப் போகும், வேண்டாதது விலகும். தரையில் வழுக்கும் பத்திரிகைத் தாளை விரிக்க வேண்டாம். கால் இரண்டும் பக்கவாட்டில் அகன்று, எழும்ப முடியாமல் போய்விடும். துவைத்துக் காயவைத்த சாக்கு நல்லது.

சிரட்டையை எடுத்துவிடுங்கள். அது உருண்டு கவிழ்ந்து உமியை நனைக்கும். நனைந்த குஞ்சு விரைவில் குளிர்ந்துவிடும். ஜாம் போத்தலில் நீர் நிரப்பி, சிறு தட்டொன்றை அதன் வாயில் கவிழ்த்து, அப்படியே திருப்பி வைத்து, போத்தல் விளிம்பின் கீழ் இரண்டு நெருப்புக்குச்சிகளைச் செருகினால் தட்டில் குச்சியின் தடிப்பளவுக்கு நீர் நிற்கும். தட்டில் கழுவிய கூழாங்கற்களைப் பரப்புங்கள். ஒவ்வொரு குஞ்சையும் எடுத்து அதன் சொண்டு நுனியை ஒருமுறை நீரில் தொட்டுக் காட்டுங்கள், மூக்குத்துளை நனையாமல். குஞ்சு பொரிக்கும்போது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சட்கரு அதற்கு இரண்டு மூன்று நாளுக்கு உணவாக இருக்கும். ஆகவே முதல் நாள் தீன் தின்னாததற்குப் பயப்பட வேண்டியதில்லை. நீர் குடிக்காததற்குப் பயப்பட வேண்டும். பொரித்த இடத்திலிருந்து இரவு முழுவதும் வாகனத்தில் வந்த குஞ்சு உள்ளே காய்ந்துபோயே வந்து சேர்கிறது.

07.01.2025, இரவு 10.05

ஜாம் போத்தலைப் பற்றி எழுதியதும் பழைய நினைவு ஒன்று வந்தது. 1990களில் யாழ் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் அருமையாக இருந்த காலத்தில், ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு எரித்த விளக்கில்தான் நான் படித்தேன். அந்த விளக்கால் குஞ்சுக்குச் சூடு கொடுக்க எவருக்கும் எண்ணெய் இருக்கவில்லை. அம்மம்மா அடைக்கோழியை நம்பினார். எங்கிருந்தாவது தாயில்லாக் குஞ்சு வந்தால், நன்கு இருட்டியபின் அடையில் இருக்கும் பேட்டின் வயிற்றுக்கடியில் ஒவ்வொன்றாக நுழைத்துவிடுவார். விடியும்போது அவை அதன் குஞ்சுகளாகிவிடும். பேடு சில வாரமாக அடையில் இருந்திருக்க வேண்டும், குஞ்சும் ஓரிரு நாளுக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். அயலில் அப்படியொரு பேடு இருந்தால் அடுத்தமுறை இதையே செய்யுங்கள். இப்போதுள்ள ஆறுக்கு வேண்டாம். நோய் இருக்குமானால் பேட்டுக்கும் பரவும்.

08.01.2025, மதியம் 1.20

நேற்றிரவு சூடு சரியாக இருந்தும் விடியலில் ஒன்று இறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வயிறு ஊதி, தொப்புள் ஈரமாக, கருநீலமாக இருந்ததாகவும். அப்படியானால் குளிரை மட்டும் குற்றம் சொல்லி நான் எழுதியது போதாது. திருத்திக்கொள்கிறேன்.

2016இல் நான் வாங்கிய இருபத்தைந்தில் பதினொன்று முதல் ஆறு நாளில் இறந்தன. ஐந்தாவது குஞ்சு இறந்தபோது, பொறுக்க முடியாமல், கையுறை போட்டுக்கொண்டு புதிய சவர அலகால் அதன் வயிற்றைத் திறந்தேன். நல்ல குஞ்சில் ஐந்தாம் நாளளவில் மஞ்சட்கரு பட்டாணி அளவுக்குச் சுருங்கியிருக்கும். அந்தக் குஞ்சில் அது வயிற்றை நிறைத்துக்கொண்டு, பழுப்பும் பச்சையும் கலந்து, தண்ணீராய்க் கரைந்திருந்தது. அலகு பட்டதும் வந்த நாற்றம் இரண்டு நாளுக்கு என் கையை விட்டுப் போகவில்லை. தொப்புள் மூடுவதற்கு முன் கிருமி உள்ளே போய் மஞ்சட்கருவைக் கெடுத்துவிடுகிறது; பெரும்பாலும் குடலில் வாழும் ஈகோலை என்ற கிருமி. முட்டை ஓடு எச்சத்தால் அழுக்கானதாலும், பொரிக்கும் இயந்திரம் சுத்தமில்லாததாலும், குஞ்சு வந்த பெட்டி ஈரமானதாலும் இது நேர்கிறது. இப்படிப் பாதிக்கப்பட்ட குஞ்சு உங்கள் கைக்கு வந்தபோதே பாதி இறந்துவிட்டது. அது இறந்தது உங்கள் தவறால் அல்ல. அதை மகளுக்கும் சொல்லுங்கள்.

மிஞ்சிய ஐந்தின் தொப்புளையும் வெளிச்சத்தில் பாருங்கள். காய்ந்து மூடியிருந்தால் தொடவே வேண்டாம். சிறு கறுத்த நூல்போல் ஏதாவது ஒட்டியிருந்தால் அதை எச்சம் என்று எண்ணி இழுத்துவிடாதீர்கள்; இழுத்தால் குடல் வெளியே வரும். பின்துவாரத்தில் வெள்ளையாய்க் காய்ந்து ஒட்டியிருப்பதுதான் எச்சம். அதை வெதுநீரில் தோய்த்த பஞ்சால் ஊறவைத்து, மெல்லக் கழற்றி, துடைத்து, சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, உலர்ந்த பின்னரே பெட்டிக்குள் விடுங்கள். துவாரம் அடைபட்ட குஞ்சு ஓரிரு நாளில் இறந்துவிடும்.

08.01.2025, மாலை 4.45

விடுபட்டது ஒன்று. இறந்த குஞ்சு இன்னும் கையில் இருந்தால் பொலித்தீன் பையில் கட்டி, ஐஸ் கட்டிகளுக்கிடையில் வைத்து, உடனே கால்நடை வைத்தியரின் அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். உறையவைத்தால் உறுப்புகள் சிதைந்துவிடும். வெட்டிப் பார்த்து அவர் சொல்வது, இங்கே நான் எழுதும் நூறு ஊகங்களைவிடப் பெறுமதியானது.

09.01.2025, காலை 7.00

வெள்ளை எச்சம் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். வெள்ளைக் கழிச்சலோடு, செட்டை தொங்க, விளக்கடியில் குறுகி நின்று, இரண்டு மூன்று வாரத்துக்குள் பல குஞ்சுகள் இறந்தால் புலோரம் என்ற சல்மொனெல்லா நோயை நினைக்க வேண்டும். அது தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே வருவது. இதில் தப்பிய குஞ்சு வெளியில் நல்ல கோழியாக வளர்ந்து, வாழ்நாள் முழுவதும் நோயைச் சுமந்துகொண்டு, தன் முட்டைகளுக்கும் கொடுக்கும். தப்பிய பேட்டின் முட்டைகளை அடை வைக்கக் கூடாது. இதை எவரும் எனக்கு 2016இல் சொல்லவில்லை. தப்பியவற்றின் முட்டையையே அடுத்த ஆண்டு அடை வைத்து, இரண்டாவது முறையும் துக்கப்பட்டேன்.

குஞ்சின் எச்சத்தில் மனிதரைத் தாக்கும் சல்மொனெல்லா வகைகளும் இருக்கலாம். மகள் குஞ்சை முத்தமிடக் கூடாது. தொட்ட ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். குஞ்சுத் தட்டை அடுப்படியில் கழுவாதீர்கள்.

09.01.2025, இரவு 9.15

மஞ்சள் தண்ணீரைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் விட்டதைப் பலர் சம்மதமாக எடுத்துக்கொண்டதுபோல் தெரிகிறது. மஞ்சளின் மேல் எனக்கும் மதிப்புண்டு. ஆனால் தண்ணீரின் நிறமும் மணமும் மாறினால் குஞ்சு குறைவாகக் குடிக்கும்; வாடிய குஞ்சுக்கு அந்தக் குறைவே ஆபத்து. முதல் அரை நாளுக்கு மட்டும், ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் இரண்டு மேசைக்கரண்டி சீனி கரைத்துக் கொடுங்கள். அதன்பின் வெறும் நீர் போதும். சீனியை நீட்டினால் எச்சம் ஒட்டத் தொடங்கும்.

எந்தக் கிணற்று நீர் என்பதும் முக்கியம். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். மாரியில் இறங்கும் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கரையோரக் கிராமங்களில் வெயில் காலத்தில் கிணறு உவர்ந்துவிடுகிறது. பெரிய கோழி தாங்கும் உவர்ப்பைக் குஞ்சு தாங்காது; தண்ணீராகக் கழிந்து, வயிற்றில் நீர் கோத்து இறக்கும். இப்போது கிணறுகள் நிறைந்திருப்பதால் உவர்ப்பு குறைவு, ஆனால் மழை வெள்ளம் மலக்குழிகளையும் தொட்டுவிட்டுக் கிணற்றில் இறங்கியிருக்கிறது. ஆகவே முதல் வாரம் கொதிக்கவைத்து ஆறிய நீரே கொடுங்கள்.

குறுணல் மட்டும் போதாது. அதில் புரதம் குறைவு. கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீனில் ஏறத்தாழ 20 சதவீதம் புரதம் உண்டு. மாலையில் கழுத்தடித் தீன்பையை விரலால் தடவிப் பாருங்கள். நிறைந்து மென்மையாக இருந்தால் தீனும் நீரும் உள்ளே போயிருக்கிறது. கல்லுப்போல் இருந்தால் தீன் மட்டும் போயிருக்கிறது. வெறுமையாக இருந்தால் அந்தக் குஞ்சை வேறாக எடுத்துக் கவனியுங்கள்.

12.01.2025, காலை 6.40

ஒரு குஞ்சு கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் மூச்சுக்குத் திணறி இறந்துவிட்டது என்ற செய்தி வந்தது. பத்து நாள் வயது. உமி எங்கிருந்து எடுத்தீர்கள்?

12.01.2025, மாலை 5.30

பதிலைப் படித்தபின் மிகவும் வருந்தினேன், ஏனெனில் இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கார்த்திகைக் கடைசியில் வந்த வெள்ளத்தில் பின்விறாந்தையில் நனைந்த உமி மூட்டையை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். மேலே காய்ந்த உமியின் உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கும். அதன் வித்துகளைக் குஞ்சு மூச்சோடு இழுக்கும்போது நுரையீரலில் வெண்மஞ்சள் நிறமான சிறு கட்டிகள் தோன்றும். சளிச்சத்தம் இல்லாத திணறல் இதன் அடையாளங்களில் ஒன்று. உறுதிப்படுத்த வெட்டித்தான் பார்க்க வேண்டும். ஒரு குஞ்சிலிருந்து இன்னொன்றுக்கு இது தொற்றாது. எல்லாக் குஞ்சுகளும் ஒரே உமியில் மூச்சுவிடுவதால்தான் தொற்றுவதுபோல் தோன்றும். பூஞ்சணம் நுரையீரலில் இறங்கிய குஞ்சுக்கு வீட்டில் கொடுக்கத்தக்க மருந்து இல்லை.

உமி முழுவதையும் இன்றே நனைத்து, தூசி எழாமல் அள்ளி, அடிவளவில் புதையுங்கள். உங்கள் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். ஆலையிலிருந்து புது உமி எடுத்து, கையில் அள்ளி மணந்து பாருங்கள். பூஞ்சண மணம் வந்தால் வேண்டாம்.

ஆக, பத்தில் ஆறு போய்விட்டன. குளிர், தொப்புள், பூஞ்சணம் என்று மூன்று வழியாக. நாம் ஒரே நோயைத் தேடிக்கொண்டிருந்தோம்.

14.01.2025, இரவு 7.50

பொங்கல் நாளில் இதை எழுத மனமில்லை, ஆனால் கேள்வி வந்துவிட்டது. தேறாது என்று தெரிந்த குஞ்சை என்ன செய்வது?

முதலில் வேறாக எடுங்கள். மற்றவை அதைக் கொத்தும், மிதிக்கும். சிறு ஓலைப்பெட்டியில் துணி விரித்து, சூட்டருகே வையுங்கள்; சொண்டோரத்தில் துளி நீர் வையுங்கள், வாய்க்குள் ஊற்றாதீர்கள். சில குஞ்சுகள் அந்த ஓலைப்பெட்டியிலிருந்து எழுந்து நடந்ததைக் கண்டிருக்கிறேன். எழும்பாமல் துடித்துக்கொண்டே இருந்தால், கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் விலக்கத் தெரிந்த ஒருவரிடமோ கால்நடை வைத்தியரிடமோ கொடுப்பதுதான் இரக்கம். தண்ணீரில் அமிழ்த்துவதையும், கோடியில் எறிந்துவிட்டு வருவதையும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். என்னால் அந்தக் காரியத்தைக் கையால் செய்ய முடிந்ததில்லை. ஒருமுறை விடியும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அதன் வேதனையை நான் நீட்டினேனோ என்ற எண்ணம் இன்றும் இருக்கிறது.

மகளிடம் "தூங்குகிறது" என்று சொல்ல வேண்டாம். என் மகனுக்கு அப்படிச் சொன்னேன். அவன் மூன்று நாள் உறங்கப் பயந்தான். இறந்துவிட்டது என்றே சொல்லி, புதைக்கும்போது கூட்டிக்கொண்டு போங்கள். குழி முழங்கை ஆழம் இருக்கட்டும். மேலே சுண்ணாம்பு நீறு தூவி, கல் வையுங்கள். இல்லையென்றால் இரவில் நாயோ மரநாயோ கிளறிவிடும், காலையில் பிள்ளை அதைக் காண்பாள். மிஞ்சிய நான்கையும் எண்ணிக் கொப்பியில் எழுதும் வேலையை அவளிடமே கொடுங்கள்: திகதி, எத்தனை, எது சோர்ந்திருக்கிறது.

15.01.2025, காலை 8.10

தடுப்பூசி பற்றி. கோழிகளுக்கு வரும் வைரசு நோயான இராணிக்கெட்டுக்கு மருந்தே கிடையாது. தடுப்பு மட்டுமே உண்டு. வழக்கமாக முதல் வாரத்தின் முடிவில் கண்ணில் ஒரு துளி விடுவார்கள். உங்கள் குஞ்சுகளுக்கு அந்த நாள் தாண்டிவிட்டது. சோர்ந்த குஞ்சுக்கு விடுவதில்லை என்பதால், நான்கும் நன்றாகத் தின்னும்வரை பொறுத்து, வைத்தியர் சொல்லும் நாளில் விடுங்கள். சில வாரத்தில் இரண்டாவது முறையும் விட வேண்டும். மருந்து 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டியது. ஐஸ் இட்ட பிளாஸ்க்கில் கொண்டு வாருங்கள்; சைக்கிள் கூடையில் வெயிலில் வந்த தடுப்பு மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம்.

எனக்கு 2016இல் விற்றவர் "எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்றார். எந்த ஊசி, எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. கேளுங்கள், சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

30.01.2025, இரவு 8.25

நான்காம் வாரம் முடிகிறது, எச்சத்தில் இரத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். இது இரத்தக் கழிச்சலாக இருக்க வேண்டும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளில் கூடுதலாக வருவது. ஐமீரியா என்ற நுண்ணுயிரின் முட்டைகள் எச்சத்தில் வெளியேறி, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள உமியில் ஓரிரு நாளில் தொற்றும் தன்மை பெற்றுவிடுகின்றன. தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள ஈர உமியை இப்போதே அள்ளுங்கள், நாளையும் அள்ளுங்கள். தட்டைச் செங்கல் ஒன்றின்மேல் ஏற்றி வையுங்கள், எச்சம் விழாது.

அம்புரோலியம் மருந்தை வைத்தியர் சொல்லும் அளவில் நீரில் கலந்து கொடுங்கள். இது தாமதிக்கக் கூடாத நோய். அந்த நாட்களில் விற்றமின் கரைசலை நிறுத்திவிடுங்கள். அந்த மருந்து விற்றமின் பி1 போல் நடித்து ஐமீரியாவை ஏமாற்றுவதால், உண்மையான பி1ஐக் கூடவே கொடுத்தால் மருந்தின் வேலை கெட்டுவிடும். நான் முன்பு வேறொருவருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன். அவர் இதைப் படிப்பாராயின் என்னை மன்னிக்க வேண்டும்.

02.02.2025, காலை 6.30

இரத்தம் நின்றதாகச் செய்தி. நான்கும் உயிரோடு இருக்கின்றன. மருந்தை இடையில் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை கொடுங்கள்.

16.02.2025, மாலை 6.00

இழைக் குமிழை நிறுத்தி ஒரு கிழமை ஆகிவிட்டது என்றும், நான்கும் பகலில் முற்றத்தில் மேய்கின்றன என்றும், மகளின் கொப்பியில் ஒரு மாதத்துக்கு மேலான கணக்கு எழுதப்பட்டிருக்கிறது என்றும் படித்தபோது என் கண் கலங்கிவிட்டது. மாலையில் நுளம்பு கூடினால் கூட்டுக்கு வலை போடுங்கள்; நுளம்பு கடிப்பதாலும் கோழி அம்மை பரவுகிறது. பருந்துக்காகப் பந்தலில் பழைய மீன்வலை ஒன்றையும் கட்டிவிடுங்கள்.

இறந்த ஆறுக்குப் பதிலாக இன்னும் ஆறு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம். பழைய மட்டைப்பெட்டியை எரித்துவிடுங்கள். தட்டையும் போத்தலையும் சவர்க்காரத்தால் கழுவி, கொதிநீர் ஊற்றி, இரண்டு கிழமை வெயிலில் போடுங்கள். புதியவற்றை வாங்கும் முன்பே குமிழைக் கொளுத்தி, வெப்பமானியை உமியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் தொங்கவிட்டு, ஓர் இரவு முழுவதும் சூடு நிற்கிறதா என்று பாருங்கள். வாங்கும்போது ஒவ்வொன்றின் தொப்புளையும் திருப்பிப் பார்த்து எடுங்கள். விற்பவர் சலித்துக்கொண்டாலும் பாருங்கள். இந்த நான்கோடும் அவற்றைச் சேர்க்காமல் வளவின் மறுபக்கத்தில் வளருங்கள். தீன் போடும்போது முதலில் சின்னஞ்சிறியவற்றிடம் போய், செருப்பை மாற்றிக்கொண்டு, பிறகு பெரியவற்றிடம் போங்கள்.